அழகம்மா அக்காவின் நான்கு பேட்டரிகள்

பழைய பேட்டரியைக் கண்டால் யோசிக்காமல் கழற்றி எறிய வேண்டும் என்றுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தப்பில்லை. கசிந்த பேட்டரி உள்ளே கிடந்தால் தகட்டைத் தின்றுவிடும், வயரைத் தின்றுவிடும், கடைசியில் பழி நம் தலையில் வந்து விழும். ஆனாலும் தொழிலை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும், யாராவது என் கண் முன்னால் ஒரு பேட்டரியைத் தூக்கி எறிந்தால் எனக்குச் சுருக்கென்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது பதுளை பஜாரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து போன் பழுது பார்க்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவரிடம் என் போனைக் கொண்டுவந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மூடியைத் திறந்துவிட்டார். என்ன ஆயிற்று, எப்போதிருந்து இப்படி, ஒரு கேள்வி இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைதான், கை நன்றாக ஓடுகிறது. பெயர் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். எனக்கும் இருபத்தாறு வயதில் கை அப்படித்தான் ஓடியது. அதனால் வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் டவுனில் ஒரு ரேடியோக் கடையில் வேலை செய்தேன். முதலாளி முஸ்லிம் பெரியவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே நாலு கடை தள்ளிக் கேட்கும், திட்டினால் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ரேடியோவும் கேசட் பிளேயரும் வந்துகொண்டே இருக்கும். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் அப்போது கரண்ட் கிடையாது, எல்லாம் பேட்டரியில் ஓடுவதுதான். பேட்டரி இறங்கிப்போனால் நம் சனம் அதை உடனே வீசிவிடாது. வெயிலில் காயவைக்கும். வாசலில் சுளகில் மிளகாய் காயும், பக்கத்தில் பேட்டரியும் காயும். சூடு ஏறினால் இன்னும் கொஞ்ச நேரம் பாடும். மழைக்காலத்தில் அவசரப்பட்டு அடுப்போரத்தில் வைத்தவர்களும் உண்டு. ஒருவர் பாதி மீசை கருகிப்போய்க் கடைக்கு வந்து, "ரேடியோ நல்லாத்தாங்க இருக்கு, பேட்டரிதான் கோவிச்சுக்கிச்சு" என்றார். அன்று முழுவதும் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார்.

ராமையா அண்ணன் வந்தது ஒரு சனிக்கிழமை. நல்ல மழை. குடையை வெளியே சாத்திவிட்டு உள்ளே வந்தவரின் கையில் பெட்டி எதுவும் இல்லை.

"கேசட் பெட்டி ஒண்ணு சுத்தல தம்பி. நீங்க வந்து பாக்கணும்" என்றார்.

"இங்க கொண்டு வாங்கண்ணே."

"வீட்டுல குடுத்துவிட மாட்டேங்குது."

மனைவியைத்தான் அப்படிச் சொன்னார். பெட்டியைக் கொடுத்துவிட மாட்டேன் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை, எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மக குரலு அதுக்குள்ள இருக்குங்க" என்றார். மறுநாள் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு பூசை முடிந்து, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு பசறை பஸ் ஏறினேன். ராமையா அண்ணன் ரோட்டில் எனக்காக நின்றிருந்தார். லயத்துக்கு இரண்டு கட்டை தூரம், இரண்டு மைல், நடக்கவேண்டும். வழியில் அவர் சொன்னது கொஞ்சம்தான். ஒரே மகள், பெயர் தனம். லுணுகலைப் பக்கத்துப் பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது, இவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மகள் புருஷனோடு கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனாள். ஒன்றரை வருடத்தில் அங்கே பிரசவத்தில் செத்துப்போனாள், பிள்ளையும் தங்கவில்லை. கடிதம் வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. இவர்களுக்கு முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை, போய் ஒரு பிடி மண் போடவும் வழியில்லை. அவள் கிளம்பிய அன்று மருமகனின் கேசட் பெட்டியில் பேசி வைத்துவிட்டுப் போனது மட்டும் இருந்தது. பெட்டியையும் தாய்க்கென்று விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அண்ணனின் மனைவி அழகம்மா அக்கா எங்களைக் கண்டதும், "வாங்க தம்பி, மழையில வந்திருக்கீங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார். ராமையா அண்ணனும் நான் பெட்டியைத் தொட்டதும் வெளியே போய்விட்டார். அந்தப் பெட்டி பாடத் தொடங்கினாலே அவர் வீட்டில் நிற்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஆக, வீட்டில் நான் மட்டும். பின்மூடியைக் கழற்றினேன். நான்கு பேட்டரியும் கசிந்து, தகடெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு பேட்டரியில் நூல் வேறு சுற்றியிருந்தது. ஏன் என்று ஒரு கணம் நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. நாலையும் பிடுங்கி, கதவைத் திறந்து, லயத்துக்குக் கீழே ஓடிய கானுக்குள் எறிந்தேன். மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு போன சாக்கடைக் கான். தகட்டைச் சுரண்டினேன். தொய்ந்துபோன பெல்டை மாற்றி, சிக்கியிருந்த டேப்பை அறுபடாமல் எடுத்துச் சுற்றினேன். பையிலிருந்து நான்கு புதுப் பேட்டரி எடுத்துப் போட்டேன். பாவம், இவர்களுக்கு இது என் பங்காக இருக்கட்டும் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய தர்மவான் நான்.

பெட்டி சுற்றியது. ஒரு பெண் குரல் கீச்சுக் கீச்சென்று பேசியது. கடைசியில் ஒரு பொடியன் என்னவோ கத்தினான், டேப் நின்றது. வேலை முடிந்தது என்ற திருப்தியில் மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றி, அக்கா உள்ளே வரும்போது கேட்கட்டும் என்று போட்டுவிட்டேன்.

அவர் குடத்தோடு வாசலில் நின்றுவிட்டார்.

"யாரு தம்பி இது?"

"உங்க மகதானக்கா."

"இது எம்புள்ள இல்ல. எம்புள்ள இப்பிடிப் பேசாது." குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். "பேட்டரி எங்க?"

"அது கெட்டுப்போச்சுக்கா. தூக்கிப் போட்டுட்டேன். புதுசு போட்டிருக்கேன்."

"எங்க போட்டீங்க?"

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. மெதுவாக உட்கார்ந்து சொன்னார். தனம் பேசிய அன்று புதுப் பேட்டரி இல்லை. முந்தின நாள் வழியனுப்பு விருந்துக்கெல்லாம் பாட்டுப் போட்டு இறங்கிப்போன பேட்டரியைக் கூரைத் தகரத்துக்கு மேல் காயவைத்து, அதில்தான் பேசினாள். பிறகு ஒருமுறை புதுப் பேட்டரி போட்டுக் கேட்டபோது குரல் கீச்சிட்டது. பழைய நாலையும் போட்டால் மகள் மகளாகப் பேசினாள். அக்காவுக்குக் காரணம் தெரியாது. ஆனால் அந்த நாலையும் வேறெதற்கும் தொடவில்லை. நூல் சுற்றி அடையாளம் வைத்து, மகளுடைய தாவணித் துணியில் முடிந்து, பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காயவைப்பார், ஒரே ஒரு தடவை கேட்பார், திரும்ப முடிந்து வைப்பார். அந்த மாதம் வெயிலே இல்லை. பெட்டியிலேயே விட்டுவிட்டார், அதனால்தான் கசிந்தது.

காரணம் எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. சக்தி குறைந்த பேட்டரியில் டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடியபோது பதிந்த குரல் அதே மெதுவில் ஓடினால்தான் சரியாக வரும். எவ்வளவு மெது என்பது அந்த நாலு பேட்டரிக்குத்தான் தெரியும். அதை நான் கானில் எறிந்துவிட்டேன்.

விஷயம் கேள்விப்பட்டதும் ராமையா அண்ணன் நேராகக் கானுக்குள் இறங்கினார். நான் தடுத்தும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து மேலெல்லாம் சேறாக மூன்று பேட்டரியோடு ஏறி வந்தார். மேல்தாள் உரிந்து ஊறியிருந்தன. அக்கா அவற்றை முந்தானையால் துடைத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அந்த இடத்தில் ஒரு நல்ல மெக்கானிக், தெரியாது என்று ஒத்துக்கொண்டு பையைக் கட்டியிருப்பான். நான், "என்னால முடியும்கா, நீங்க காதைக் குடுத்துக் கேளுங்க, போதும்" என்றேன். மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் துளைக்குள் பொடி ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் ஓடும் வேகம் கூடும், குறையும். திருப்புவேன், முதல் இரண்டு வரியை ஓடவிடுவேன், நிறுத்துவேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"இப்ப கனத்துப்போச்சு தம்பி."

"இப்ப?"

"இப்ப யாரோ சின்னப்புள்ள மாதிரி இருக்கு."

"இப்பக்கா?"

இருபது தடவையாவது இருக்கும். கடைசியில் அவர் கண்ணைத் திறந்தார். "எல்லாமே அவ மாதிரியும் இருக்கு, எதுவுமே அவ மாதிரி இல்லாமயும் இருக்கு. நிப்பாட்டுங்க தம்பி. இன்னும் நாலு தடவ கேட்டா மனசுல இருக்கிறதும் போயிரும்."

ஊற்றிய தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. குடிக்காமல் கிளம்பினேன். ஒரு தாயின் மனதிலிருந்து பிள்ளையின் குரலை நானே என் கையால் அழித்துவிட்டு வருகிறேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும்படி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, கேட்க முடியாத அளவுக்கு மெதுவாகப் பேசினார்.

"அந்த டேப்புல அந்தப் புள்ள மட்டுமா பேசுது?"

"கடைசில ஒரு பொடியன் கத்துறான் முதலாளி."

"யாரு அது?"

"தெரியாது."

"அந்த வீட்டுல பொடியன் இருக்கானா?"

யோசித்தேன். இல்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"அது பொடியன் இல்லடா மடையா, அந்த மனுசன்தான். வேகமா ஓட விட்டா எல்லாரும் பொடியன்தான். உசிரோட இருக்கிற தொண்டை ஒண்ணு வீட்டுலயே இருக்கு. அத விட்டுட்டு, போய்ச் சேந்த தொண்டைய எதுக்குடா தேடிக்கிட்டிருந்தே? யாருன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். அக்கா வாசலிலேயே, "வேணாம் தம்பி, விட்டுருங்க" என்றார். இந்தத் தடவை உங்கள் காதை நம்பி வரவில்லை, அண்ணனின் தொண்டையை நம்பி வந்திருக்கிறேன் என்று விளக்கிச் சொன்னேன். டேப்பின் கடைசியை ஓடவிட்டேன். தனம் பேசிக்கொண்டே போகிறாள். கோழி அடைக்கு உட்கார்ந்திருப்பதை மறந்துவிடாதே, முழங்காலுக்குத் தைலம் போடு, கூரை ஒழுகுகிற இடத்தை அப்பாவை அடைக்கச் சொல். பிறகு, "இன்னொண்ணு சொல்லணும்மா" என்கிறாள். உடனே அந்தக் குரல் வருகிறது: "போதும் ஆத்தா, பஸ்ஸு போயிரும்!" அத்தோடு டேப் நின்றுபோகிறது.

"அண்ணே, இதுல நீங்க பேசுறது இது. அன்னைக்குச் சொன்னத அப்பிடியே இப்ப சொல்லணும். உங்க கொரலும் டேப்புல உள்ள கொரலும் ஒண்ணா வர்ற வரைக்கும் நான் ஸ்க்ரூவத் திருப்புவேன். உங்க கொரலு சரியா வந்தா அவ கொரலும் சரியா வந்துரும்."

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேற ஏதாச்சும் சொன்னா பத்தாதா தம்பி?"

"பத்தாதுண்ணே. அதே வார்த்த வேணும்."

நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. அவர் அண்ணனைப் பார்த்து, "சொல்லுங்க. எனக்காகச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் வாய்க்குள்ளேயே சொன்னார். "போதும் ஆத்தா, பஸ்ஸு போயிரும்."

"அன்னைக்குச் சொன்ன மாதிரிண்ணே. சத்தமா. அவசரமா."

எழுதும்போது கை கூசுகிறது. சொன்னேன், அப்படித்தான் சொன்னேன். ஒரு தடவை டேப், ஒரு தடவை அவர், நடுவில் ஸ்க்ரூ ஒரு மயிரிழை. டேப், அவர், ஸ்க்ரூ. செத்துப்போன மகளிடம் அந்த மனிதர் போதும் போதும் என்று பதினைந்து தடவைக்கு மேல் சத்தம் போட்டார். குரல் உடைந்த இடங்களில் நான் கொஞ்சம் பொறுத்து, அவர் தொண்டையைச் செருமிக்கொண்ட பிறகு மறுபடி கேட்டேன். ஒரு கட்டத்தில், "போதும் ஆத்தா" என்று கேட்டதும் அக்கா சட்டென்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாய் மூடியிருந்தது. பேசியது டேப்.

"நில்லுங்க தம்பி" என்றார் அக்கா.

ஆரம்பத்துக்குச் சுற்றினேன். தனம் பேசினாள். நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல், பெரிய மனுஷி மாதிரி. அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னார். பிறகு வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஓடிவந்தவர்களும் வாசலில் நின்று அழுதார்கள். ராமையா அண்ணன் இந்தத் தடவை வெளியே போகவில்லை. வாசலை மறித்துச் சனம் நின்றது, எங்கே போவார். முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். "இன்னொண்ணு சொல்லணும்மா" என்ற இடம் வந்தபோது, தடுக்கப்போகிறவர் போலக் கையை மட்டும் தூக்கினார்.

ஸ்க்ரூ அசையாமல் இருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் விட்டேன். இனி இதற்குப் புதுப் பேட்டரிதான் போடவேண்டும், மற்ற டேப்பெல்லாம் இதில் மெதுவாகத்தான் ஓடும் என்றேன். "மத்த டேப்பு எனக்கு என்னத்துக்குத் தம்பி" என்றார் அக்கா. அன்றைக்குத் தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தேன்.

கேட்டுவிட்டுத் திறங்கள். உங்களிடம் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மேசைக்கு வருகிற சாமானில் எது அழுக்கு, எது ஒருத்தர் பொத்தி வைத்த பொருள் என்று நமக்குத் தெரியாது, கொண்டுவந்தவருக்குத்தான் தெரியும். இதை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பஸ்ஸுக்குப் போனபோது நடந்ததைச் சொல்லாவிட்டால் பாதியை மறைத்தவனாவேன்.

ராமையா அண்ணன் ரோடு வரை என்னோடு வந்தார். பஸ்ஸைக் காணவில்லை. ரோட்டோரத்தில் ஒரு தட்டைக் கல் கிடந்தது. அதைத் துவாயால் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்கண்ணே."

"அந்தக் கடைசில நான் சொல்றேனே, அத மட்டும் அழிச்சிர முடியுமா? புள்ள பேசி முடிச்ச மாதிரி இருக்கும்."

முடியும். ஒரு பட்டனை அமுக்குகிற வேலை. பெட்டி இரண்டு கட்டை தூரத்தில்தான் இருந்தது, திரும்பி நடந்தால் போதும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். மோட்டார் ஒருநாள் தேயும், ஸ்க்ரூ நழுவும், வேறு பெட்டி மாற்றவேண்டி வரும். அப்போது அளந்து பார்க்க அந்த டேப்பில் இருப்பது அவருடைய அந்த ஒரு வரி மட்டும்தான்.

"வேணாம்ணே" என்றேன். "உங்க கொரலு அதுல இருக்கிற வரைக்கும்தான் அவ கொரல மறுபடி கண்டுபிடிக்கலாம். அத அழிச்சா இன்னொரு தடவ தொலைஞ்சா தொலைஞ்சதுதான்."

நான் சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மெக்கானிக்காகச் சரி. அவர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும். சொன்னது நான்தானே" என்றார்.

பஸ் இன்னும் வரவில்லை. பேச்சை மாற்றலாமென்று, "இந்த ரூட்டுல பஸ்ஸு எப்பவும் இப்படித்தானாண்ணே?" என்று கேட்டேன்.

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றார் அவர். "முக்கா மணி நேரம் பிந்தித்தான் வந்துச்சு. புள்ள இந்தக் கல்லுலதான் உக்காந்திருந்துச்சு, நீங்க உக்காந்திருக்கிற எடத்துல. நானும் பக்கத்துலயேதான் நின்னேன். என்னமோ சொல்ல வந்தியே, என்னா ஆத்தான்னு ஒரு வார்த்த கேக்கல தம்பி."